ரூப்ரிக்: செங்காவியில் பிறந்த மதிப்பீட்டுச் சொல்

பல்கலைக்கழக ஆசிரியர்கள் கற்பித்தல் முறைகளைப் பற்றிப் பேசும் இடங்களிலெல்லாம் இன்று 'ரூப்ரிக்' என்ற சொல் தவறாமல் வருகிறது. செயல்திட்டம், கருத்தரங்கக் கட்டுரை, குழுப்பணி, வாய்மொழித் தேர்வு என எதை மதிப்பிட வேண்டியிருந்தாலும் அதனுடன் ஒரு ரூப்ரிக்கையும் இணைக்குமாறு பாடத்திட்டக் குறிப்புகள் கேட்கின்றன. அவ்வாறு கேட்கும்போது ஒருவர் விடைக்குறிப்பைத் தருகிறார். மற்றொருவர் மதிப்பெண் பங்கீட்டைத் தருகிறார். இன்னொருவர் 'ஆம்', 'இல்லை' என்று குறிப்பதற்கான பட்டியலைத் தருகிறார். மூன்றும் பயனுள்ளவையே என்றாலும் மூன்றில் எதுவும் ரூப்ரிக் அன்று. சொல் தன் பொருளை விட்டுவிட்டு ஒலியாக மட்டும் வந்து சேர்ந்ததன் விளைவு இது. பலர் 'ஒரு ரூப்ரிக்ஸ்' என்று பன்மை வடிவத்தை ஒருமைக்கு வழங்குவதையும் இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மாணவர் செய்து தரும் ஒரு பணியை எந்தெந்தக் கூறுகளில் நோக்க வேண்டும், ஒவ்வொரு கூறிலும் எத்தனை படிநிலைகள் உண்டு, ஒவ்வொரு படிநிலையிலும் அமைந்த பணி எப்படி இருக்கும் என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் வரையறுத்துத் தரும் ஆவணமே ரூப்ரிக். கூறு, படிநிலை, விவரிப்பு ஆகிய இம்மூன்றில் முதல் இரண்டை எழுதிவிடுவது எளிது. மூன்றாவதுதான் உழைப்பைக் கேட்பது, அதுதான் இந்த ஆவணத்தின் உயிர். 'மிக நன்று', 'நன்று', 'சுமார்' என்று கட்டங்களை நிரப்பிவிட்டு அதை ரூப்ரிக் என்று அழைப்பவர்கள் அளவுகோலின் கோடுகளை வரைந்துவிட்டு எண்களை இடாமல் விட்டவர்களுக்கு ஒப்பாவர்.

கருத்தரங்கக் கட்டுரையில் 'சான்றுகளைக் கையாளுதல்' என்ற கூறை எடுத்துக்கொள்வோம். அடிநிலையில் உள்ள கட்டுரை தன் கருத்தைச் சான்றின்றி வெறுமனே உரைக்கிறது. அடுத்த நிலையில் உள்ளது சான்றுகளைத் தருகிறது. ஆனால், அவை கருத்துக்கு எவ்வாறு துணை நிற்கின்றன என்பதை விளக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. மூன்றாம் நிலையில் ஒவ்வொரு சான்றும் ஒரு கருத்தோடு பிணைக்கப்பட்டு, அப்பிணைப்பும் சொல்லப்படுகிறது. மேல்நிலையில் உள்ள கட்டுரை தன் கருத்துக்கு எதிரான சான்றையும் தானே முன்வைத்து, அதை எடைபோட்டு, அதன் பிறகும் தன் முடிவு ஏன் நிற்கிறது அல்லது எங்கே திருத்தம் பெறுகிறது என்று காட்டுகிறது. இந்த நான்கு விவரிப்புகளிலும் 'சிறப்பாக', 'போதுமான அளவு' போன்ற அடைமொழிகள் இல்லை என்பதை நோக்கலாம். கட்டுரை என்ன செய்கிறது என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. ஆகவே இரண்டாம் நிலையில் நிற்கும் மாணவர் மூன்றாம் நிலைக்குச் செல்லத் தாம் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியரிடம் கேட்காமலே அறிந்துகொள்கிறார்.

இதனால் பிற கருவிகளிலிருந்து ரூப்ரிக் எவ்வாறு வேறுபடுகிறது என்பதும் தெளிவாகிறது. சரிபார்ப்புப் பட்டியல் ஒன்று உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிட்ட தர அளவுகோல் படிநிலைகளைத் தருகிறது, விவரிப்புகளைத் தருவதில்லை. விடைக்குறிப்பும், இலங்கையில் புள்ளித்திட்டம் என வழங்குவதும் ஒரு குறிப்பிட்ட வினாவுக்கு எந்தக் கருத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வகுப்பவை. சரியான விடை ஒன்று உண்டு என்பது அவற்றின் அடிப்படை.

இனி சொல்லின் பிறப்புக்கு வருவோம். 'ரூப' என்று தொடங்குவதால் இதற்கும் உருவத்தைக் குறிக்கும் 'ரூபம்' என்ற வடசொல்லுக்கும் உறவு இருக்குமோ என்ற ஐயம் தமிழ்ச் செவிக்கு எழுவது இயல்பு; உறவு ஏதும் இல்லை. இலத்தீன் மொழியில் 'ரூபர்' என்றால் சிவப்பு. அதிலிருந்து வந்த 'ரூப்ரிகா' செம்மண்ணை, அதாவது செங்காவியைக் குறித்தது. மாணிக்கக் கல்லைக் குறிக்கும் 'ரூபி', தோலில் செந்தடிப்பு உண்டாக்கும் நோயின் பெயரான 'ரூபெல்லா' ஆகியவையும் சிவப்பைக் குறிக்கும் இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்தவையே. உரோமத் தச்சர்கள் மரத்தில் கோடு குறிக்கச் செங்காவியைப் பயன்படுத்தினர். சட்டங்களின் தலைப்புகள் சிவப்பில் எழுதப்பட்டதால் ரூப்ரிகா என்பது சட்டத் தலைப்பையும், பின்னர் சட்டத்தையுமே குறிக்கலாயிற்று.

இவ்விடத்தில் தமிழ் படித்தவர்க்கு நன்னூல் நினைவுக்கு வராமல் போகாது. மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலைப் போல மாந்தரின் மனக்கோணலைத் தீர்ப்பதால்தான் ஏட்டுக்கும் நூல் என்ற பெயர் பொருந்துகிறது என்று அதன் பாயிரம் சொல்கிறது. தச்சனின் செங்காவி அங்கே சட்டமாயிற்று. தச்சனின் நூல் இங்கே கல்விக்கு உவமையாயிற்று. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததன்று. நேர்கோடு வேண்டிய இடத்தில் இரண்டு மொழிகளும் தச்சுப் பட்டறையைத் தேடிப் போயிருக்கின்றன, அவ்வளவே.

இடைக்கால ஐரோப்பாவில் கையெழுத்துப் படிகளை உருவாக்கியவர்கள் உடற்பகுதியைக் கருமையிலும் தலைப்புகளையும் குறிப்புகளையும் சிவப்பு மையிலும் எழுதினர். கிறித்தவ வழிபாட்டு ஏடுகளில் இந்த வேறுபாடு நுட்பமான பொருளைப் பெற்றது. கறுப்பில் இருப்பது வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வேண்டுதல். சிவப்பில் இருப்பது எப்போது நிற்க வேண்டும், எப்போது மண்டியிட வேண்டும் என்ற நெறியுரை. அது செய்வதற்கு உரியது, படித்துக் காட்டுவதற்கு உரியதன்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல் தலைப்பு, விதி, நெறியுரை என்ற பொருள்களைச் சுமந்தே வந்தது. பிரித்தானிய வழக்கில் வினாத்தாளின் தலைப்பகுதியில் அச்சிடப்படும் 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக' என்பது போன்ற அறிவுரைக்கும் ரூப்ரிக் என்றே பெயர். மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் இது. ஒரே சொல் பிரித்தானியத் தேர்வு விதிகளில் ஒன்றையும் அமெரிக்கக் கல்வியியல் நூல்களில் வேறொன்றையும் குறிக்கக் காணலாம்.

மதிப்பீட்டுக் கருவி என்ற இன்றைய பொருள் அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைபெற்றது. அதன் தேவையை உணர்த்திய ஆய்வுகளுள் 1961இல் பால் டீடரிக்கும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது குறிப்பிடத்தக்கது. கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் எழுதிய 300 கட்டுரைகளை வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, எந்த அளவீட்டு விதியும் சொல்லாமல், ஒன்பது தரங்களாகப் பிரிக்குமாறு அவர்கள் கேட்டனர். நூற்றுக்கு 94 கட்டுரைகள் ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட வெவ்வேறு தரங்களைப் பெற்றன. எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைவான தரங்களைப் பெறவில்லை. மதிப்பிட்டவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். ஒருவர் கருத்தைப் பார்த்தார், ஒருவர் பிழைகளைப் பார்த்தார், ஒருவர் அமைப்பைப் பார்த்தார், ஒருவர் சொல்லாட்சியைப் பார்த்தார், ஒருவர் நடையின் தனித்தன்மையைப் பார்த்தார். மதிப்பிடுவோரின் மனத்துக்குள் மறைந்திருக்கும் இக்கூறுகளை வெளியே எடுத்து எழுதிவைத்தால் என்ன என்ற எண்ணத்தின் வளர்ச்சியே ரூப்ரிக்.

உண்மையில் ஒரே விடையுள்ள வினாக்களுக்கு இது தேவையில்லை. பாடத்தை முன்னரே படித்து வந்து வகுப்பில் சிக்கலைத் தீர்த்தல், செயல்திட்டம் வழியே கற்றல், பருவம் முழுவதும் செய்த பணிகளைத் தொகுத்து ஒப்படைத்தல், சக மாணவர் மதிப்பீடு போன்ற முறைகள் பல்கலைக்கழகங்களுக்குள் வந்தபோதுதான், விடைகள் பலவாறாக அமையக்கூடிய பணிகளை எதைக் கொண்டு மதிப்பது என்ற வினா எழுந்தது. கற்றலின் நோக்கம், கற்பிக்கும் செயல், மதிப்பிடும் முறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்க வேண்டும் என்று ஜான் பிக்ஸ் 1990களில் முன்வைத்த கொள்கையும் இதற்கு வலுச் சேர்த்தது. 2007ஆம் ஆண்டில் ஜான்சன், ஸ்விங்பி ஆகிய இருவர் 75 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கூறுகூறாகப் பகுத்ததாகவும் குறிப்பிட்ட பணிக்கென எழுதப்பட்டதாகவும் அமைந்த ரூப்ரிக், மாதிரிக் கட்டுரைகளும் மதிப்பிடுவோர்க்கான பயிற்சியும் துணை நிற்கும்போது, மதிப்பெண்ணின் நம்பகத்தன்மையை உயர்த்தக்கூடும் என்று கண்டனர். இந்தத் துணைகளை மறந்து தாளை மட்டும் நம்புவோர் மிகுதி. அதைவிடப் பெரிய குறை, பணி முடிந்த பிறகு மதிப்பெண்ணுக்கான விளக்கமாக மட்டும் அதை மாணவரிடம் காட்டுவது. பணி தொடங்கும் நாளில் கையில் இல்லாத விவரிப்பு எவருக்கும் வழிகாட்டுவதில்லை.

மறுப்பும் உண்டு. ஆஸ்திரேலியக் கல்வியியலாளர் ராய்ஸ் சாட்லர், முன்கூட்டி வகுத்த கூறுகளின் கூட்டுத்தொகை முழுப் பணியின் தரத்துக்கு எப்போதும் ஈடாகாது என்று வாதிட்டார். ஒவ்வொரு கூறிலும் நன்றாக நிற்கும் கட்டுரை முழுமையாகப் படிக்கும்போது சுவையற்றதாக இருக்கலாம். எல்லாக் கட்டங்களையும் மீறிய கட்டுரை சிறந்ததாகவும் இருக்கலாம். இது தள்ளிவிடக்கூடிய வாதமன்று. கட்டத்துக்குள் அடங்காத சிறப்பைக் கண்டால் அதை எழுதிவைக்க ஓரிடத்தை ஒதுக்கி வைப்பதே ஆசிரியருக்கு நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

கூறுகளை முன்வைத்து எழுத்தை மதிப்பிடுவது தமிழுக்குப் புதிதன்று. நன்னூல் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் எண்ணித் தருகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என வரும் குற்றங்களை இன்றைய ஆய்வேட்டின் ஓரத்தில் அப்படியே எழுதலாம். ஆயினும் இதை 'நம்மிடம் இருந்த ரூப்ரிக்' என்று கொண்டாடுவது பொருந்தாது. அங்கே கூறுகள் உண்டு. படிநிலைகளும் விவரிப்புகளும் இல்லை. கூறியது கூறல் சிறிதளவு இருந்தால் என்ன, பெரிதளவு இருந்தால் என்ன என்பதை அந்த நூற்பா வகுக்க முற்படவில்லை.

தமிழ்ச் சொல் எது என்ற வினாவுக்கு இங்கிருந்து செல்லலாம். சொல்லின் பிறப்பை நம்பிச் 'செங்குறிப்பு' என்று ஆக்கினால் இன்றைய மாணவர் அதைத் திருத்தியவரின் சிவப்பு மை என்றே எண்ணுவார். 'மதிப்பீட்டு அளவுகோல்' பரவலாக வழங்கக்கூடியதே எனினும், விவரிப்பற்ற எண் அளவுகோலிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவதில்லை. 'மதிப்பீட்டு நியதிகள்' என்பது கூறுகளை மட்டுமே சுட்டுகிறது. எனக்கு மிகவும் விருப்பமானது 'கட்டளை'. பொன்னின் மாற்றறியும் உரைகல்லைக் கட்டளைக்கல் என்றே 505ஆம் குறள் சொல்கிறது. ரூப்ரிக் நெறியுரையையும் தர அளவையும் ஒருங்கே குறிப்பதைப் போலக் கட்டளையும் ஆணையையும் அளவையையும் குறிக்கிறது. இவ்வளவு பொருத்தம் இருந்தும் அதைக் கைவிடத்தான் வேண்டும். இன்றைய வழக்கில் கட்டளை என்றால் ஆணை மட்டுமே. மாணவர் கையில் 'மதிப்பீட்டுக் கட்டளை' என்ற தாளைக் கொடுத்தால் அது அச்சுறுத்தலாகவே படிக்கப்படும்.

ஆகவே, 'தரநிலை விளக்கம்' என்பதை நான் பரிந்துரைக்கிறேன். தரநிலை என்பது படிநிலையைச் சுட்டுகிறது. விளக்கம் என்பது, இக்கருவியைப் பிறவற்றிலிருந்து பிரிக்கும் விவரிப்பைச் சுட்டுகிறது. 'தரநிலை அட்டவணை' என்று சொன்னால் என்ன என்று கேட்கலாம். எல்லா ரூப்ரிக்கும் அட்டவணை வடிவில் அமைவதில்லை என்பதே விடை. கூறுகளைத் தனித்தனியே மதிப்பதைப் பகுப்புத் தரநிலை விளக்கம் எனலாம். பணியை ஒட்டுமொத்தமாக நோக்கி ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பத்தியை மட்டும் எழுதுவதை முழுநோக்குத் தரநிலை விளக்கம் எனலாம், இதற்குக் கட்டங்கள் தேவையில்லை. வினாத்தாளின் தலைப்பில் வரும் பழைய பொருளுக்கு 'தேர்வர்க்கான அறிவுரை' என்பதே போதும். இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் பெயர்க்கக் கூடாது.

ஆவணங்களில் முதன்முறை வரும்போது 'தரநிலை விளக்கம், அதாவது ரூப்ரிக்' என்று எழுதிவிட்டு, அதன் பின் தமிழ்ச் சொல்லை மட்டும் தொடரலாம். ரூப்ரிக்கையே ஆள விரும்புவோர் ஒருமைக்கு ரூப்ரிக் என்றும் பன்மைக்கு ரூப்ரிக்குகள் என்றும் எழுதுவது முறை. 'ரூப்ரிக்ஸ்கள்' என்று இரு மொழிகளின் பன்மை விகுதிகளையும் ஒரே சொல்லின் மேல் ஏற்ற வேண்டியதில்லை.