பூட் தொடக்கத்தில் மெமரி கொடுப்பவர்கள் கவனிக்க

ஓசூர் பக்கம் புது போர்டு ஒன்று பூட் ஆகும்போது பாதியில் தொங்கினால் எல்லாரும் முதலில் ரேம் சிப்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள், சிலர் மாற்றியே பார்த்துவிடுகிறார்கள். என்னிடம் வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: யாருக்காவது மெமரி கொடுக்கும் முன் எதையெல்லாம் ரிசர்வ் செய்தீர்கள்?

கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) எழுந்திருக்கும் நேரத்தில், கேட்ட அளவுக்கு மெமரி கொடுக்கும் மால்லாக் கிடையாது, பக்கம் பக்கமாகக் கொடுக்கும் பேஜ் அலோகேட்டரும் கிடையாது, ஆனால் அவற்றைக் கட்டவே மெமரி வேண்டும். லினக்ஸில் இந்த இடைவெளியைப் பார்த்துக்கொள்வது மெம்பிளாக் என்கிற தற்காலிக அலோகேட்டர். இதே வேலையைச் செய்த பழைய பூட்மெம் 2018-இல் 4.20 பதிப்போடு போய்விட்டது. மெம்பிளாக்கில் முக்கியமானவை இரண்டு பட்டியல்கள், இருக்கிற மெமரி ஒன்று, எடுத்தாயிற்று என்பது இன்னொன்று. இங்கே லே-அவுட் போடுகிறவர்கள் ஓடையையும் வண்டிப்பாதையையும் கழித்துவிட்டுத்தானே மனைக்குக் கல் நடுவார்கள் (நட வேண்டும், நடுகிறார்களா என்பது வேறு கதை), அதே வரிசைதான் இங்கும்: கெர்னல் இமேஜ், டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்), இனிட்ராம்டிஸ்க் (தொடக்கத்துக்கான தற்காலிக ஃபைல் சிஸ்டம்), ஃபர்ம்வேர் தனக்கென்று வைத்துக்கொண்ட பகுதி, இவை எல்லாம் போன பிறகே முதல் பைட்டைக் கொடுக்கலாம். டிவைஸ் ட்ரீயை விட்டுவிட்டால் அதன் மேல் யாரோ எழுதிவிடுவார்கள், பிழையோ எங்கேயோ ஒரு டிரைவரில் போய் வெடிக்கும்.

சொந்தமாகச் சின்ன கெர்னல் எழுதுகிறவர்களுக்கு பாயிண்டரை முன்னே நகர்த்திக்கொண்டே போகும் பம்ப் அலோகேட்டர் போதும், கொடுத்ததைத் திரும்ப வாங்கும் ஃப்ரீ கூட வேண்டாம். ஆனால் முகவரியை அலைன்மென்ட்டுக்கு (4, 8 போன்ற எண்ணின் மடங்குக்கு) உயர்த்திய பிறகு "முகவரி கூட்டல் அளவு, எல்லையைத் தாண்டுகிறதா" என்று சோதிக்காதீர்கள். 32 பிட்டில், ரேம் 4 ஜிபி விளிம்பை ஒட்டி முடிந்தால், அந்தக் கூட்டல் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்து சோதனையில் பாஸ் ஆகிவிடும். முகவரி எல்லைக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அப்புறம் எல்லையிலிருந்து அதைக் கழித்து, மிச்சத்தோடு அளவை ஒப்பிடுங்கள். உயர்த்தும்போதும் இதே சுற்றல் வரலாம்.

கொடுக்கும் மெமரியைப் பூஜ்யமாக்கியும் கொடுங்கள். மெம்பிளாக்_அலாக் அதைச் செய்கிறது, மெம்பிளாக்_ஃபிஸ்_அலாக் செய்யாது, இது தெரியாமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடுகிறார்கள். ரீசெட் அடித்தால் ஓடுகிறது, கரண்டை நிறுத்திப் போட்டால் விழுகிறது என்றால் முதலில் இங்கே தேடுங்கள், ஏனென்றால் ரீசெட்டுக்குப் பின் ரேமில் பழைய எழுத்து பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

மெமரி தீர்ந்தால்? நல் (வெற்று முகவரி) திருப்பி அனுப்பினால் யாரும் பார்க்கப்போவதில்லை. கேட்ட அளவு, அலைன்மென்ட், எந்த இடத்திலிருந்து கூப்பிட்டார்கள் என்ற முகவரி மூன்றையும் யூஆர்ட்டில் (சீரியல் போர்ட்டில்) அடித்துவிட்டு அங்கேயே நின்றுவிடச் சொல்லுங்கள்.