துப்புத் துலக்கலும் உளவியலும்: ஒரு சொல் விளக்கம்

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில், களிம்பேறிக் கறுத்துக் கிடந்த ஒரு பித்தளைத் தூக்கைக் கடைக்காரர் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். களிம்பு விலக விலக, அதன் கழுத்தோரத்தில் யாரோ ஒரு வீட்டு விலாசத்தின் முன்னெழுத்துகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. "துலக்குனாத்தான் இது யார் வீட்டுச் சாமான்னு தெரியும்ணே" என்றார் அவர். 'துப்புத் துலக்குதல்' என்னும் தொடருக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை. 'சைக்கலாஜிக்கல் டிடெக்டிவ் திரில்லர்' என்னும் படவகையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு விடை தேட, இந்தத் தொடரிலிருந்தே தொடங்கலாம்.

துலங்குதல் தன்வினை, துலக்குதல் பிறவினை. கொலை வழக்கில் 'துப்புத் துலங்கவில்லை' என்று நாளிதழ் எழுதும்போது, துப்பு அங்கேயேதான் கிடக்கிறது, இன்னும் யாரும் அதைத் தேய்க்கவில்லை என்பதே சொல்லின் உட்பொருள். 'டிடெக்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் மூடியதை நீக்குதலைக் குறிக்கும். இலண்டன் மாநகரக் காவல்துறை 1842இல் துப்பறியும் பிரிவைத் தொடங்கியபோது அந்தச் சொல்லும் உடன் பரவியது. அவர்கள் சொல் மூடியைத் திறக்கிறது, நம் சொல் களிம்பைத் தேய்க்கிறது. மூடியை ஒரு நொடியில் திறந்துவிடலாம். களிம்புக்குக் கை வலிக்க வேண்டும்.

'துப்பு' மிகப் பழைய சொல். 'துப்பார்க்குத் துப்பாய' என்னும் 12ஆம் குறளில் அது உணவு. வேறிடங்களில் வலிமை, துணை, பவளம். 'அதுக்குத் துப்பில்ல', 'துப்புக்கெட்டவன்' என்று இன்றும் வீடுகளில் விழும் வசவில் அந்த வலிமைப் பொருளே உயிரோடிருக்கிறது. தடயம் என்ற பொருளில் இச்சொல் வழங்கியதற்குச் சுவையான சான்று, செட்டிநாட்டுக்கு மேற்கே மதுரைச் சீமையில் வழங்கிய 'துப்புக்கூலி' ஆகும். மாட்டைப் பறிகொடுத்தவர் ஓர் இடையாள் வழியாகப் பணம் கொடுத்தால், மாடு கட்டியிருக்கும் இடம் தெரியவரும் என்பதை ஆங்கிலேயர் காலப் பதிவுகள் சொல்கின்றன. கூலி யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை ஊகிக்கப் பெரிய துப்பறிவாளர் வேண்டியதில்லை. துப்பை அறிந்தவனும் குற்றத்தை அறிந்தவனும் ஒருவனாகவே இருக்கக்கூடும் என்பது, பின்னாளில் உளவியல் துப்பறியும் படங்கள் விரும்பி எடுத்துக்கொண்ட கருவும்கூட.

'ஒற்று' என்பதைத் துப்பறிதலுக்கு இணையாகச் சிலர் எழுதுகின்றனர், அது பொருந்தாது. வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் காட்டும் ஒற்றன் அரசனுக்காக, நடக்கப்போவதை முன்கூட்டி அறிபவன். துப்பறிபவரோ நடந்து முடிந்ததைப் பின்னோக்கிச் சென்று அறிபவர். அவருக்குரிய குறள் ஒற்றாடலில் இல்லை, குறிப்பறிதலில் இருக்கிறது:

அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம்
கடுத்தது காட்டும் முகம்.

விசாரணை அறையில் ஒரு முகத்தை நெடுநேரம் அண்மைக் காட்சியில் காட்டும் இயக்குநர், இந்தக் குறளை நம்பித்தான் காட்டுகிறார். அந்த முகமே பொய் சொல்லும்போது படம் சூடு பிடிக்கிறது.

இனி 'உளவியல்'. உளம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு, இயல் என்பதோடு வகர உடம்படுமெய் பெற்றுச் சேர்ந்தால் உளவியல். மனத்தைப் பற்றிய இயல். ஆனால் உளவு என்பதன் ஈற்று உகரம் கெட்டு, இயல் என்பதோடு சேர்ந்தாலும் உளவியல்தான். வேவு பார்த்தலைப் பற்றிய இயல். கதவு, அடைத்தான் ஆகிய இரண்டும் சேர்ந்து கதவடைத்தான் ஆவதைப் போன்ற புணர்ச்சி இது. சொல்லை ஆக்கியவர்கள் முதலாவதையே கருதினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாம் பேசும் படவகைக்கு இரண்டு பிரிப்பும் ஒருங்கே பொருந்துவது, மொழி தானாக நமக்குக் கொடுத்த கொடை.

இந்த ஊர் மண்ணோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புத் தளம் அமைத்து, அங்கே 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தார். பின்னர் சென்னைக்குப் பெயர்ந்த அவருடைய ஏவி.எம். நிறுவனம் 1954இல் எடுத்தது, எஸ். பாலச்சந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டே இல்லாத அந்தப் படத்தில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அவரைச் சுற்றியிருந்த ஒவ்வொருவரும் தத்தம் பொறாமைக்கும் அச்சத்துக்கும் ஏற்ப ஒரு கதை சொல்லி இன்னொருவரைக் கைகாட்டுகின்றனர். எழுபது ஆண்டு கடந்துவிட்டதால் முடிச்சைச் சொல்வதில் பிழையில்லை: இறந்தவர் சப்பானியருக்கு உளவு சொன்னவர். உளத்தைத் துலக்கப் போனவர்களுக்கு உளவு அகப்பட்டது.

'திரில்லர்' என்பதற்கு மூல ஆங்கிலப் பொருள் துளைப்பது. பரபரப்புப் படம் என்றால் போதும். 'மர்மப் படம்' என்பதில் உள்ள மர்மம் வடசொல்; உயிர்நிலையைக் குறித்த அதுவே நம்மிடம் வர்மமாகவும் வழங்குகிறது.

எனக்கு மனத்தாங்கல் 'சைக்கோ' என்ற சொல்லின்மீதுதான். மூச்சையும் உயிரையும் குறித்த கிரேக்கச் சொல்லின் துண்டு அது. 'சைக்கோ கொலைகாரன்' என்று விளம்பரத்தில் எழுதியதும், அவன் ஏன் கொன்றான் என்னும் கேள்வி செத்துவிடுகிறது. அதோடு, யாருக்கும் தீங்கு செய்யாத மனநோயாளிகள்மீது வீண்பழியும் விழுகிறது. இதற்கு நன்னூலிலேயே ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. தச்சர் மரத்தில் நூல் பிடித்து அதன் கோணலைத் தீர்ப்பதை உவமையாக்கி, 'மனக்கோட்டம் தீர்க்கும்நூல் மாண்பு' என்கிறார் பவணந்தியார். மனக்கோட்டம் நோயன்று, வளைவு. எங்கே தொடங்கி எப்படி வளைந்தது என்று கேட்கத் தூண்டும் சொல். தடயத்தைக் குறிக்கும் 'க்ளூ' முதலில் நூற்கண்டையே குறித்தது. நாமும் 'நூல் பிடித்துப் போய்ப் பார்த்தால்' என்கிறோம்.

ஆகவே, குற்றவாளியின் மனக்கோட்டத்தையே மையமாகக் கொண்டதைக் குற்ற உளவியல் படம் என்றும், அதைத் தேடிச் செல்பவரின் மனமும் சேர்ந்து கோணத் தொடங்கும் கதையை உளவியல் துப்பறியும் படம் என்றும் பிரித்து எழுதலாம். 'அந்த நாள்' எதில் சேரும் என்று கேட்டால், நான் இரண்டாவதில் சேர்க்கமாட்டேன். அதன் துப்பறியும் அதிகாரி கடைசிவரை கலங்கவே இல்லை.