துணுக்கேடு: வெட்டி ஒட்டிய நினைவுகளுக்கு ஒரு சொல்

"இதுல கதை எங்கம்மா இருக்கு? தி.நகர்ல பஸ் ஏறினேன், பெசன்ட் நகர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

"ஆன்ட்டி, இது படிக்கிற புக் இல்ல. புரட்டுற புக்."

எங்கள் வாசிப்பு வட்டத்தில் போன மாதம் நடந்த பேச்சு இது. முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. பதில் சொன்னது ஆடை வடிவமைப்பு படிக்கும் மாணவி. இருவர் கையிலும் இருந்தது ஒரே புத்தகம்: பிரிட்டனின் மாடலும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான அலெக்ஸா சங் 2013இல் வெளியிட்ட 'இட்'. அவர் எடுத்த புகைப்படங்கள், கையால் வரைந்த படங்கள், நடுநடுவே சின்னச் சின்னப் பத்திகள். பிறந்தது, வளர்ந்தது, உழைத்தது என்ற வரிசை அதில் கிடையாது. வட்டத்தில் பாதிப் பேர் ஏமாந்தார்கள், பாதிப் பேர் கொண்டாடினார்கள்.

இந்தப் பிளவுக்குக் காரணம் புத்தகம் அல்ல, அதை அறிமுகப்படுத்த நான் போட்ட சொல்தான் என்று இப்போது தோன்றுகிறது. 'சுயசரிதை' என்று எழுதியிருந்தேன். தமிழில் அந்தச் சொல்லுக்குத் தனிக் கனம் உண்டு. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. முன்னோர், ஊர், ஆசிரியர், தேடிய ஏடுகள் என்று ஒரு வாழ்க்கை வரிசையாக விரிந்தது. சுயசரிதை என்றதும் நம் வாசகர் அந்த விரிவைத்தான் எதிர்பார்க்கிறார். நான் எழுதியிருக்க வேண்டிய சொல் வேறு.

ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 'ஸ்கிராப்புக் பாணி' என்று பெயர். ஸ்கிராப் என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. சுரண்டுதல் என்ற வினையோடு உறவுடையது. சுரண்டி எடுத்த மிச்சம் என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் உணவின் மிச்சத்தைக் குறித்து, பிறகு எதன் சிறு துண்டுக்கும் ஆனது. அச்சுத்தாள் மலிந்த 19ஆம் நூற்றாண்டில் செய்தி, படம், அழைப்பிதழ் எல்லாம் கத்தரித்து ஒட்டும் பழக்கம் பரவியபோது ஸ்கிராப்புக் நிலைத்தது. எழுத்தாளர் மார்க் ட்வைன் பசை முன்பே தடவிய ஸ்கிராப்புக்குக்கு 1873இல் காப்புரிமையே வாங்கினார். தாளை ஈரப்படுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும்.

சென்னைக் காதுக்கு ஸ்கிராப் என்றால் முதலில் புதுப்பேட்டை நினைவுக்கு வரும், கழற்றிப் போட்ட வண்டிப் பாகங்கள் வரும். அடுத்து பள்ளிக்கூடம். தலைவர்கள், பறவைகள், வாகனங்கள் அச்சிட்ட படத்தாளை வாங்கி, கத்தரித்து, கோந்து தடவி ஒட்டிய அந்தத் தடித்த நோட்டை இன்றும் வீட்டில் ஸ்கிராப் நோட்டு என்றே சொல்கிறோம். அந்த வழக்கில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஒரு நூல்வகைக்குப் பெயராக எழுதும்போது பொருள் விளங்கும் தமிழ்ச்சொல் வேண்டும்.

கலம்பகம் எனலாமா என்று யோசித்தேன். பல வகைப் பூக்கள் கலந்த மாலையைத் தொண்டரடிப்பொடியாழ்வார் 'கலம்பகம் புனைந்த' என்று பாடுகிறார். 9ஆம் நூற்றாண்டின் நந்திக் கலம்பகம் தொட்டு அது ஓர் இலக்கிய வகையும்கூட. அங்கேதான் இடிக்கிறது. கலம்பகத்துக்குப் பதினெட்டு உறுப்புகள் என்று இலக்கணம் இருக்கிறது. பாடப்படுபவர் கடவுளோ மன்னரோ வேறு பெரியவரோ. தன்னைப் பற்றித் தானே, எந்த இலக்கணமும் இல்லாமல் சேர்த்துவைப்பதற்கு அது பொருந்தாது. கதம்பம் அழகான சொல்தான். மயிலாப்பூர் மாடவீதியில் மருவும் மரிக்கொழுந்தும் சேர்த்துத் தொடுத்து முழம்போட்டுத் தருவார்களே, அது. கலப்பு என்ற பொருள் அதில் இருக்கிறது. வெட்டி எடுத்தது என்ற பொருள் இல்லை. 'வெட்டொட்டு ஏடு' என்றால் செய்முறை முழுதும் வந்துவிடும், ஆனால் வாயில் நிற்காது.

எனவே துணுக்கேடு.

துணித்தல் என்றால் வெட்டுதல். துண்டு, துணுக்கு, துணி எல்லாம் அந்தக் குடும்பம். நெய்ததை வெட்டி எடுப்பதால் துணி. அறுப்பதால் அறுவை, சங்கப் புலவர்களில் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்ற துணி வணிகரே இருக்கிறார். கூறு போடுவதால் கூறை, கல்யாணத்தில் கட்டும் கூறைப்புடவை. உடுப்பதற்குப் பெயர் வைத்தபோது பல முறை நம் மொழி கத்தரியைத்தான் பார்த்திருக்கிறது. ஆடையால் பெயர்பெற்ற ஒருவர் தன் நினைவுகளை வெட்டி ஒட்டிய நூலுக்குத் துணியோடு பிறந்த துணுக்கு என்ற சொல்லைவிட நெருக்கமானது எது? பத்திரிகை படிப்பவர்களுக்கும் துணுக்கு பழகிய சொல். பக்கத்தின் மூலையில் நாலே வரியில் வருவது. அதை யாரும் கட்டுரை அளவுக்கு நீளவில்லையே என்று குறை சொல்வதில்லை.

ஏடு என்பது பனையோலை இதழாக இருந்து, குறிப்பேடு, பதிவேடு, நாளேடு என்று தாளுக்கு வந்த சொல்.

பெயர் இப்போதுதான் வைக்கிறோமே தவிர, பொருள் நம்மிடம் எப்போதும் இருந்தது. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் படத்தோடு கிழித்தெடுத்து பைண்டு செய்த வீடுகள் எத்தனை! கதையின் பின்பக்கத்தில் பாதி விளம்பரமும் பாதி சமையல் குறிப்பும் ஒட்டிக்கொண்டு வரும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் நூல்களோடு கல்யாணப் பத்திரிகை, துண்டறிக்கை வரை சேர்த்தார். இன்று தரமணியில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு அதுவே அடித்தளம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆசிரியை பழுப்பேறிய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். கல்லூரி நாளில் இதழ்களிலிருந்து வெட்டி மைதாப் பசையால் ஒட்டிய ரவிக்கை மாதிரிகள், கோலங்கள், ஓரத்தில் பென்சிலில் தையல் அளவுகள். மாணவி அதை விட்டு நகரவேயில்லை. "ஆன்ட்டி, இந்தக் கை வைக்கிற அளவை நான் எழுதிக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒருவர் மட்டும் ஐயம் எழுப்பினார்: துணுக்கேடு என்றால் கடைசியில் 'கேடு' என்று காதில் விழாதா? நியாயமான கேள்வி. ஆனால் கணக்கு, ஏடு இரண்டும் சேர்ந்த கணக்கேட்டை நாம் கேடு என்று படிப்பதில்லை. இதுவும் அதே புணர்ச்சிதான். அறிமுகக் குறிப்பைத் திருத்திவிட்டேன். 'சுயசரிதை' இருந்த இடத்தில் இப்போது 'நினைவுத் துணுக்கேடு' இருக்கிறது.