மழையில்லாமல் ஒழுகும் கூரை

பெப்ரவரியில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து மச்சாள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினா. அறைச் சீலிங்கில் தேத்தண்ணி சிந்தினதுபோல மண்ணிற வட்டம். "அத்தான், மழையும் இல்லை, மேல குழாயும் இல்லை. எங்கையிருந்து தண்ணி வருது?"

பாதி விடை யாழ்ப்பாணத்தில் எங்கள் கொக்குவில் வீட்டுக் கூரைப் பீலியிலேயே இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் வேப்பஞ்சருகை அள்ளாவிட்டால் பீலி அடைபட்டுத் தண்ணீர் தேங்கும். தேங்கினது எதிர்த்து ஏறி, ஓட்டுக்கு அடியால் உள்ளே சொட்டும். ஓடு உடைந்திருக்கவே தேவையில்லை. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிய கூரை ஓடுகிற தண்ணீரைத்தான் தாங்கும், நிற்கிற தண்ணீரை அல்ல.

கனடாவில் சருகின் வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. வீட்டைச் சூடாக்கும் காற்று, விளக்குத் துளைகளாலும் கதவிடுக்காலும் சீலிங்குக்கு மேலுள்ள அட்டிக்குக்குள் கசிந்து கூரைப்பலகையைச் சூடாக்கும். கூரைமேல் கிடக்கும் பனியோ கம்பளிபோல அந்தச் சூட்டை வெளியே விடாது. ஆக, வெளியே 0 பாகைக்குக் கீழே இருந்தாலும் பனியின் அடித்தட்டு உருகி வழியும். தாழ்வாரம் சுவருக்கு வெளியே நீண்டிருப்பதால் அதன் கீழே சூடு இல்லை. அங்கே வந்த நீர் திரும்ப உறைந்து, நாளாக நாளாக வயல் வரம்புபோல உயரும். பின்னால் குளம் கட்டும். அது ஆணித் துளையால் இறங்கும். பேஸ்புக்கில் போட எல்லோரும் படம்பிடிக்கிற, தாழ்வாரத்தில் தொங்கும் அந்த அழகான ஐஸ் ஈட்டிகள் பல வேளைகளில் இதன் முன்னறிவித்தல்தான்.

சீலிங் பலகை ஜிப்சம். இரு பக்கமும் கடதாசி. மரத்தின் சாயத்தையும் அழுக்கையும் கரைத்து வரும் நீர் விளிம்பில் வேகமாகக் காய்வதால், நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓடி எல்லாக் கறையையும் அங்கே இறக்கும். கறைவட்டத்தின் ஓரம் கடுமையாக இருப்பது அதனால்தான். கறைதடுக்கும் அடிப்பூச்சு இல்லாமல் வெறும் பெயின்ற் அடித்தால் கறை மறுபடி மேலே வரும். பலகை வயிறு தள்ளியிருந்தால் கீழே வாளி வைத்து, ஒதுங்கி நின்று, சிறு துளை போட்டு நீரை இறக்க வேண்டும். ஒன்றிரண்டு நாள் ஈரம் நின்றாலே கடதாசியில் பூஞ்சணம் தொடங்கிவிடும்.

நிரந்தர வழி, சொன்னால் சிரிப்பு வரும்: அந்தக் குளிர்நாட்டில் கூரையைக் குளிராகவே வைத்திருப்பது. சூட்டுக்காற்றுக் கசியும் துளைகளை அடைத்து, சீலிங்குக்கு மேல் வெப்பக்காப்பைத் தடிப்பாக்கி, அட்டிக்குக்குள் வெளிக்காற்று ஓட விட வேண்டும்.

"கூரையையே மாத்தச் சொல்லினம்" என்றா மச்சாள். குளியலறையின் ஈரச்சூட்டுக் காற்றை வெளியேற்றும் விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்கச் சொன்னேன். அவவின் மகன் ரோர்ச்சோடு ஏறினான். குழாய் அட்டிக்குக்குள்ளேயே திறந்து கிடந்தது. கூரைப்பலகையில் துருத்திய ஒவ்வொரு ஆணி நுனியிலும் வெண்பனி பூத்திருந்தது.