மண்டப ரசீதுல அச்சடிச்சிட்டா அது சட்டம் ஆயிடாது

போன வாரம் ஒரு பெரியவர் ஆபீசுக்கு வந்தாரு. மஞ்சப்பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள மூத்த பொண்ணோட கல்யாணப் பத்திரிகையும் ஒரு ரோஸ் கலர் ரசீதும். கார்பன் வச்சு எழுதின ரசீது, 60,000ங்கற தொகை பாதி அழிஞ்சு போச்சு, ஆனா கீழ குத்தின ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இன்னும் பளிச்சுன்னு இருக்கு: 'முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்பட மாட்டாது'. கல்யாணத் தேதி 2020 ஏப்ரல் கடைசி வாரம். நாடே பூட்டிக் கெடந்த நேரம், வீட்டு வாசல்ல பத்து பதினஞ்சு பேரோட தாலி கட்டி முடிச்சிட்டாங்க. மண்டபக்காரர் 'கொரோனா முடியட்டும், வேற விசேஷத்துக்கு கழிச்சுக்கலாம்'னு சொல்லியிருக்காரு, இவரும் நம்பி இருந்துட்டாரு. இப்ப ரெண்டாவது பொண்ணுக்கு அதே மண்டபத்துக்குப் போனா, பழைய கணக்கெல்லாம் கிடையாது புதுசா அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. இந்த மாதிரி ரசீது என் மேஜைக்கு எத்தனாவது தடவை வருதுன்னு எண்றதையே விட்டுட்டேன், அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல எல்லாரும் என்கிட்ட சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு. "அதான் ரசீதுலயே போட்டுட்டாங்களே சார், நாம என்ன பண்ண முடியும்?" இன்னொண்ணு மண்டபக்காரங்க சொல்றது, "கொரோனா கடவுள் செயல், எங்க தப்பு இல்ல, அதனால தர வேண்டியதில்ல." ரெண்டுமே தப்பு. ரெண்டாவதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல், படிச்சவங்க கூட இதையே சொல்றாங்க. யார் தப்பும் இல்லைங்கறது நஷ்ட ஈடு கேக்க முடியாதுங்கறதுக்குத்தான் காரணம். வாங்கின காசை வச்சுக்கறதுக்கு அது எப்படிங்க காரணமாகும்? 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 56ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தம் போட்டதுக்கு அப்புறம் அந்தக் காரியம் செய்ய முடியாததாவோ சட்டவிரோதமாவோ ஆயிட்டா ஒப்பந்தம் செல்லாமப் போயிடும். சரி, செல்லாமப் போனா? அடுத்து 65ஆவது பிரிவைப் படிங்க, அந்த ஒப்பந்தத்தால ஆதாயம் வாங்கினவர் அதைத் திருப்பித் தரணும், இல்லன்னா ஈடு கட்டணும். 56ஐ மட்டும் சொல்லிட்டு 65ஐ மறந்துடறாங்க. மண்டபக்காரர் நிஜமாவே செஞ்ச செலவை பில்லோட காட்டி கழிக்கச் சொல்லி கேக்கறது வேற, மொத்தத்தையும் அமுக்கிக்கறது வேற.

2020 மார்ச் 25ல இருந்து போட்ட ஊரடங்குல ஹோட்டல், விருந்து, கூட்டம் எல்லாத்தையும் மத்திய அரசே நிறுத்தி வச்சுது, அதனால அந்த நாள் கேஸ்ல வாதமே தேவையில்ல. சிக்கல் அதுக்கப்புறம்தான். மே மாசத்துல இருந்து கல்யாணத்துக்கு 50 பேர் வரலாம்னு ஆச்சு. 2021 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல 100 பேர்னு இருந்ததை 26ஆம் தேதியில இருந்து 50 ஆக்குனாங்க, பத்திரிகை வச்சு முடிச்சவங்க எல்லாம் தலையில கை வச்சு உக்காந்தாங்க. அப்ப மண்டபக்காரர் கேக்கறாரு, "நான் பூட்டவே இல்லையே, நீங்கதானே கேன்சல் பண்ணீங்க?" 800 பேருக்கு சாப்பாட்டுக் கூடத்தோட பேசின மண்டபத்துல 50 பேரை உக்கார வச்சா அது நான் பேசின காரியமா? 1954ல சத்யப்ரதா கோஷ் வழக்குல சுப்ரீம் கோர்ட் இதுக்குப் பதில் சொல்லிருச்சு, செய்ய முடியாததுன்னா சுத்தமா முடியாததா இருக்கணும்னு இல்ல, ஒப்பந்தத்தோட நோக்கமே அடிபட்டு உபயோகமில்லாமப் போனாலும் சேரும்னு. ஆனா இது உங்க ரசீதைப் பொறுத்து, நீங்க எதுக்காக புக் பண்ணீங்கன்னு அதுல எழுதியிருக்கறதைப் பொறுத்து மாறும், எல்லா கேஸும் ஜெயிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன்.

விமான டிக்கெட் காசைத் திருப்பித் தரணும்னு 2020 அக்டோபர் 1ல சுப்ரீம் கோர்ட் சொன்னதை எடுத்துக்கிட்டு மண்டபத்துக்கு வராதீங்க, அது விமானத்துக்கு மட்டும். கேஸுக்காக நான் படிச்ச ஊரடங்கு உத்தரவுகள்ல எத்தனை பேர், எத்தனை மணி, மாஸ்க், இடைவெளி எல்லாம் இருந்துச்சு, அட்வான்ஸ் யாருக்குன்னு ஒரு வரி இல்ல. மண்டபம் நடத்தறவங்க கஷ்டமும் நிஜம்தான், வாட்ச்மேன் சம்பளம், கரண்டு பில், பேங்க் வட்டி எதுவும் நிக்கல. அவங்களுக்கு அரசு வழி காட்டுனது கடன் மூலமா: ஹோட்டல், சுற்றுலாத் துறைக்கு அரசு உத்தரவாதத்தோட பேங்க் கடன் 2021 மார்ச் கடைசியில வந்துச்சு, ஜூன் 4ல ரிசர்வ் வங்கி ஹோட்டல், நிகழ்ச்சி நடத்தறவங்க மாதிரி தொழில்களுக்காக 15,000 கோடிக்கு பேங்குகளுக்கு வசதி பண்ணிச்சு. அந்த நஷ்டத்தை பொண்ணைப் பெத்தவர் அட்வான்ஸ்ல இருந்து எடுத்துக்கோன்னு எந்த உத்தரவும் சொல்லல.

"ஜிஎஸ்டி கட்டிட்டேன், எப்படித் தர்றது"ன்னு ஒரு சாக்கு இருக்கு. அதுவும் செல்லாது. 2020 ஏப்ரல் 13லயே சர்க்குலர் வந்துச்சு, கேன்சல் ஆன புக்கிங்குக்கு இன்வாய்ஸ் (பில்) போட்டிருந்தா அதை ரத்து பண்ற கிரெடிட் நோட், போடலன்னா அட்வான்ஸைத் திருப்பினதுக்கு ரீஃபண்ட் வவுச்சர், அதை வச்சு அவர் கட்டின வரியைச் சரி பண்ணிக்கலாம். அவரோட ஆடிட்டருக்கு இது தெரியும்.

இப்ப நம்ம பெரியவர் விஷயத்துக்கு வர்றேன். நுகர்வோர் கமிஷனுக்கு, பிரச்சினை வந்த நாள்ல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15ல இருந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் கணக்குல சேராதுன்னு சுப்ரீம் கோர்ட் விட்டுக்குடுத்துச்சு. அப்படிப் பாத்தாலும் 2024 பிப்ரவரியோட முடிஞ்சுபோச்சு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடலாம், போடத்தான் போறோம், ஆனா அவர்கிட்ட இருக்கறது வாய் வார்த்தை மட்டும். "கழிச்சுக்கலாம்"னு அந்த ஓனர் ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பிருந்தா கூட எனக்குப் பேச ஒரு பிடி கிடைச்சிருக்கும். பெரிய மனுஷன் சொல்லிட்டாரு, எழுதிக் கேட்டா மரியாதையா இருக்காதுன்னு இருந்துட்டேன் சார்னு அவர் சொன்னப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

புதுசா புக் பண்றவங்க தயவு செஞ்சு கேளுங்க. கொரோனாவுக்கு அப்புறம் நிறைய மண்டபங்க ரசீதுக்குப் பின்பக்கம் சின்ன எழுத்துல 'தொற்றுநோய், அரசு உத்தரவு, வெள்ளம் காரணமாக விழா நின்றால் முன்பணம் இல்லை'ன்னு சேத்துட்டாங்க. இது சாதாரண விஷயம் இல்ல, ஒப்பந்தத்துலயே இதுக்கு வழி எழுதியிருந்தா நான் மேல சொன்ன 56ஆவது பிரிவு உங்களுக்குக் கை குடுக்காது, அந்த ஷரத்துதான் முதல்ல நிக்கும். பொதுவா 'எக்காரணம் கொண்டும்'னு ஸ்டாம்ப் குத்தறது வேற, இன்ன காரணத்துக்குன்னு பேர் சொல்லி எழுதறது வேற. அதனால கையெழுத்துக்கு முன்னாடி திருப்பிப் பாருங்க. அதை அடிச்சிட்டு 'அரசு உத்தரவால் நடத்த முடியாவிட்டாலோ, விருந்தினர் எண்ணிக்கை பாதிக்குக் கீழ் குறைக்கப்பட்டாலோ, தேதி மாற்றித் தரப்படும் அல்லது முன்பணம் 30 நாளில் திருப்பித் தரப்படும்'னு எழுதி ரெண்டு பேரும் பக்கத்துல சுருக்கொப்பம் (இனிஷியல்) போடுங்க. ஒத்துக்க மாட்டேன்னா அட்வான்ஸைக் கம்மி பண்ணிப் பேசுங்க. எத்தனை பேருக்குன்னு ரசீதுல எழுத வைங்க. காசை பேங்க்லயோ யூபிஐலயோ போடுங்க, கையில குடுக்காதீங்க. மண்டபம், சமையல், அலங்காரம் எல்லாம் ஒரே பேக்கேஜ்னா எதுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு வாங்குங்க, இல்லன்னா நாளைக்கு எல்லாமே 'காய்கறி வாங்கிட்டோம்' கணக்குல போயிடும்.

காசு மாட்டிக்கிச்சுன்னா முதல்ல எழுத்துல கேளுங்க, அப்புறம் 1915க்கு போன் போடுங்க, அது நுகர்வோர் உதவி எண். அதுலயும் நடக்கலன்னா மாவட்ட கமிஷன். நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா அங்க கோர்ட் ஃபீஸே கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே போய் மனு குடுக்கலாம். ரசீதை இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வைங்க, கார்பன் எழுத்து ரொம்ப நாள் நிக்காது.