சொல் விளக்கம்: ஸ்கிராட்ச் பில்டிங்

மாதிரிக் கப்பல் கட்டுபவர்கள் வாயில் ஓயாமல் அடிபடும் சொல் இது. பெட்டியில் தயாராக வெட்டி வரும் பாகங்களை ஒட்டுவது ஒரு வகை. அப்படியில்லாமல் ஒரு வரைபடத்தையும் வெறும் மரத்தையும் வைத்துக்கொண்டு அறுப்பது, இழைப்பது, வளைப்பது எல்லாவற்றையும் நாமே செய்வது ஸ்கிராட்ச் பில்டிங். தமிழில் எழுதப் போகும்போதுதான் சிக்கல். ஸ்கிராட்ச் என்றால் கீறல் என்று அகராதி சொல்கிறதே என்று ‘கீறல் கட்டுமானம்’ என எழுதினால், விரிசல் விட்ட மதில் சுவர்தான் கண்முன் வரும்.

கீறல் என்ற பொருள் தவறில்லை. ஆனால் இது தரையில் கீறிய கோடு. 1838-இல் வந்த லண்டன் குத்துச்சண்டை விதிகளில் களத்தின் நடுவில் இப்படி ஒரு கோடு உண்டு. அடிபட்டு விழுந்தவருக்கு 30 விநாடி ஓய்வு. அதற்குப் பிறகு 8 விநாடிக்குள் யாருடைய கைத்தாங்கலும் இல்லாமல் அந்தக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் தோல்வி. ஓட்டப் பந்தயத்திலும் இந்தக் கோடு இருந்தது. வேகம் குறைந்தவருக்குச் சலுகை கொடுத்துச் சில கஜம் முன்னால் நிறுத்துவார்கள். சலுகை எதுவும் இல்லாதவர் கோட்டிலிருந்தே ஓட வேண்டும். எதையும் முதலிலிருந்து தொடங்குவதைச் சொல்லும் ‘ஃப்ரம் ஸ்கிராட்ச்’ என்ற ஆங்கிலத் தொடர் அங்கிருந்து வந்ததுதான். கொடைக்கானலில் கோல்ஃப் மைதானத்துப் பக்கம் பழகியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: சலுகை அடி பூஜ்யமாக இருக்கும் ஆட்டக்காரரை இன்றைக்கும் ‘ஸ்கிராட்ச் பிளேயர்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆக, சொல்லின் உள்ளே இருப்பது ‘சலுகை இல்லாமல்’ என்பது. மாதிரிக் கப்பலில் சலுகை என்பது பிறர் வெட்டித் தந்த பாகம். அப்படியானால் கடையில் வாங்கிய நங்கூரத்தை மாட்டலாமா, நூலை நாமே முறுக்க வேண்டுமா என்று ஒரு வாதம் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். போட்டி நடத்துபவர்களும் ஆளுக்கொரு விதி வைத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், ஏரா என்கிற அடிமரமும், வங்கு என்கிற விலாச் சட்டங்களும், மேலே போர்த்தும் பலகையும் உங்கள் கையால் ஆனவை என்றால் போதும். விரல் நுனி அளவுச் சங்கிலியை விலைக்கு வாங்கினால் குடி முழுகிவிடாது. அந்தக் கணக்குக்குப் போனால் மரத்தையும் நாமே நட்டு வளர்க்க வேண்டும்.

மரம் என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. ஐரோப்பிய மாதிரிக் கலைஞர்கள் தேடி வாங்கும் மரங்களில் பேரி முக்கியமானது. ரேகை மிக நுணுக்கம், சிறிதாக அறுத்தாலும் சிம்பு சிம்பாகப் பிய்யாது, சூடுகாட்டினால் வளையும். கொடைக்கானலில் வில்பட்டி, பள்ளங்கி பக்கத்துத் தோட்டங்களில் குளிர்காலக் கவாத்தில் வெட்டிப்போடும் பேரிக் கிளைகள் பெரும்பாலும் அடுப்புக்குப் போகின்றன. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையாகப் பார்த்து, நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, வெட்டிய முனைகளில் மெழுகு தடவி, காற்றோட்டமான பரணில் போடுங்கள். முழுசாக விட்டால் காய்கிற வேகத்தில் வெடித்துவிடும். அங்குலப் பருமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மலை மூடுபனிக்கு அதைவிடக் கூடத்தான் ஆகும். குளிரில் வெள்ளைப் பசையும் மெதுவாகவே இறுகும் என்பதால் ஒட்டிய பலகையைக் கவ்வியிலிருந்து அவசரப்பட்டு எடுக்கக் கூடாது.

முதல்முறை கட்டுபவர் நூறு பீரங்கிக் கப்பலில் கை வைக்க வேண்டாம். மரத்தில் செய்த துடுப்புப் படகு ஒன்று கண்ணில் பட்டால், உரியவரிடம் கேட்டுக்கொண்டு அளவு நாடாவோடு போகலாம். கொடைக்கானல் ஏரியை 1863-இல் உருவாக்கிய மதுரை கலெக்டர் லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் கொண்டுவந்தார் என்பார்கள். மலைக்கும் படகுக்கும் அவ்வளவு பழைய உறவு. அணியத்திலிருந்து பின்முனை வரை நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வோர் அடிக்கும் நூலிலிருந்து இரண்டு பக்க அகலத்தையும் கீழே ஆழத்தையும் குறித்துக்கொண்டால் வரைபடம் பாதி தயார். அளவு 1:12 என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கு ஓர் அங்குலம். 14 அடிப் படகு 14 அங்குலம் வரும்; முக்கால் அங்குலப் பலகை 1.6 மில்லிமீட்டர் ஆகும். அதை ஒரு சின்ன இழைப்புளியில் இழைத்துவிடலாம். பழைய ஆங்கிலப் போர்க்கப்பல் மாதிரிகளில் வழக்கமான 1:48-இல் அதே பலகை 0.4 மில்லிமீட்டர், கெட்டி அட்டை மாதிரி. புதியவர் தடுமாறுவது அங்கேதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘பூஜ்யத்திலிருந்து’ என்பது இன்னோர் ஆங்கிலத் தொடரின் நிழல். ‘கைக்கட்டு’ என்றால் பெட்டிப் பாகங்களை ஒட்டுபவரும் கையால்தானே கட்டுகிறார் என்பார். ‘பிள்ளையார் சுழியிலிருந்து’ பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, காட்சிப் பலகையில் எழுத நீளம். எனக்குப் பிடித்தது ‘அடிமுதல்’. அடிமுதல் முடிவரை என்று ஏற்கெனவே புழங்குகிற சொல்; படகுக்கோ வேலை உண்மையாகவே அடிமரத்தில்தான் தொடங்குகிறது. அடிமுதல் கட்டுதல், அடிமுதல் கட்டிய கப்பல் என்று வினையாகவும் அடையாகவும் வளைந்து கொடுக்கும். சமையலுக்கும் நிரல் எழுதுவதற்கும்கூட ஒத்துவரும்: ‘மசாலாவை அடிமுதல் அரைத்த குழம்பு’ கொஞ்சம் இடிக்கிறது, ஆனாலும் புரிகிறது. சலுகை இல்லை என்ற பழைய பொருள் இதில் நேரடியாக இல்லை; ஆங்கிலத்திலேயே அது மறந்துபோன பிறகு நாம் அதற்காக வருந்த வேண்டியதில்லை.

இதற்கு எதிரான ‘கிட்’டைப் பெட்டிக்கட்டு எனலாம். வாங்கிய பெட்டியில் பாதியும் சொந்த வேலை பாதியுமாகச் சேர்ப்பது ஒட்டுக்கட்டு. மாதிரியின் அடியில் வைக்கும் சீட்டில் ‘துடுப்புப் படகு, 1:12, பேரி மரம், அடிமுதல் கட்டு’ என்று எழுதினால் பார்ப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.