உடல் வடிப்பு: பொடி மொடிபிக்கேசனுக்கு ஒரு தமிழ்ச்சொல்

யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். அதனால் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவின் மகனுடைய முதுகு முழுக்க இருந்த பச்சையைத் தேரன்று எல்லோரும் பார்த்தார்கள். வெளிவீதியில் ஒரு தூக்குக்காவடி போய்க்கொண்டிருந்தது, முதுகிலும் காலிலும் கொக்கி மாட்டி ஒரு பெடியன் தொங்கிக்கொண்டு வந்தான். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டான்: "அண்ணை, பொடி மொடிபிக்கேசன் எண்டதுக்குத் தமிழிலை என்ன சொல்லுறது?"

பச்சை குத்துவது, காது மூக்குக் குத்துவது, துளையைப் பெருப்பிப்பது என்று உடம்பை விரும்பி மாற்றிக்கொள்ளும் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பொதுப்பெயர் அது. அவன் சும்மா கேட்கவில்லை. பக்கீர் முசாபர் என்ற அமெரிக்கரைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கி, முதல் வரியில் 'பொடி மொடிபிக்கேசன் பதிப்பாளர்' என்று வந்த இடத்தில் நின்றுவிட்டான். 1930இல் பிறந்து 2018இல் இறந்த அந்த மனிதர் பிழைப்புக்குப் பார்த்தது விளம்பரத் துறை வேலை, ஆனால் மனம் முழுக்க உடம்பைக் குத்துவதிலும் இறுக்குவதிலும் அதைப் படமெடுப்பதிலும்தான் இருந்தது. 1992 முதல் 1999 வரை அதற்கென்றே ஒரு இதழும் நடத்தினார். இயற்பெயர் ரோலண்ட் லூமிஸ். பக்கீர் என்றால் அரபியில் ஏழை, நம் பக்கிரிதான். முசாபர் என்றால் பயணி, முசாபரி பங்களா என்று பழைய ஆட்கள் சொல்வது இந்தச் சொல்லிலிருந்துதான்.

சரி, சொல்லுக்கு வருவோம். பொடி என்று அப்படியே எழுதினால் எங்கள் ஊரில் தூளும் பொடியனும்தான் நினைவுக்கு வரும், ஆகவே ஒலிபெயர்ப்பு உதவாது. 'உடல் மாற்றம்' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவேயில்லை. வயதுக்கு வரும்போது நடப்பதும் உடல் மாற்றம், கர்ப்பகாலத்தில் நடப்பதும் உடல் மாற்றம். அவை தாமாக நடப்பவை. இங்கே ஒருவர் வலியைத் தாங்கிக்கொண்டு விரும்பிச் செய்விக்கிறார், அந்தச் செய்கை சொல்லில் தெரியவேண்டும். மொடிபிக்கேசன் என்பதன் வேரும் வெறும் மாற்றம் இல்லை. இலத்தீனில் மோடுஸ் என்றால் அளவு. அளவுக்குள் கொண்டுவருதல் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள்.

டாட்டூவின் கதை வேறு. பொலினீசிய மொழிகளில் தத்தௌ என்கிறார்கள், சீப்புப் போன்ற கருவியைத் தோலில் வைத்துச் சிறு கோலால் தட்டித் தட்டிக் குத்துவார்கள். 1769இல் கப்டன் குக்கின் கப்பல் தஹிட்டிக்குப் போனபோது அதில் இருந்தவர்கள் இந்தச் சொல்லை எழுதிவைத்தார்கள், அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்குள் வந்தது. தத்தௌ நம் 'தட்டு' என்ற வினையிலிருந்து போனது என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து நம்பாதீர்கள். ஓசை ஒத்துப்போனால் உறவாகிவிடாது. அதற்கு ஆங்கிலத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது. இராணுவத்தில் இரவு முரசுக்கும் டாட்டூ என்றுதான் பெயர், அது ஒல்லாந்தச் சொல், தவறணையில் பீப்பாய்க் குழாயை மூடு என்று பொருள். எங்களுக்குக் கந்தோரையும் கக்கூசையும் தந்த அதே மொழி. ஒரே எழுத்துக்கூட்டல், இரண்டு வேறு பிறப்பு.

தமிழில் டாட்டூவுக்குச் சொல் தேடவே வேண்டாம், பச்சை குத்துதல் இருக்கிறது. கரிய மையைத்தானே குத்துகிறார்கள், பிறகு ஏன் பச்சை? தோலுக்கு அடியில் போன கரி வெளியே பார்க்கும்போது நீலமும் பச்சையும் கலந்துதான் தெரியும், ஒளி தோலில் சிதறுவதால். நம்மவர்கள் மையின் நிறத்தை விட்டுவிட்டுக் கண்ணில் பட்ட நிறத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். திருமாலையே பச்சை என்றும் நீலம் என்றும் கருமை என்றும் சொல்லும் மொழிக்கு அது சிரமமில்லை.

ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுச்சொல் வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் வந்து நின்றது 'வடி'. சோறு வடிக்கிறோம், சிலை வடிக்கிறோம், சங்கப் பாட்டில் கொல்லன் வேல் வடிக்கிறான். அதோடு காது வடித்தல் என்றும் ஒன்று இருக்கிறது. தென் தமிழ்நாட்டில் பாம்படமும் தண்டட்டியும் போட்ட பாட்டிகளின் காது தோளைத் தொடுமே, காதைக் குத்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருப்பித்து, பாரம் ஏற்றி நீளவிடும் அந்த வேலைக்குப் பெயர் காது வடித்தல். இன்றைக்கு ரொறன்ரோவில் பெடியள் காதில் வளையம் போட்டுத் துளையைப் பெருப்பிப்பதும் இதேதான். ஆகவே உடலில் செய்யும் இந்த வேலைக்கு நம் மொழியில் ஒரு வினை ஏற்கெனவே இருந்திருக்கிறது, நாம்தான் சிலைக்கும் சோற்றுக்கும் மட்டும் என்று அதைச் சுருக்கிவிட்டோம். யாழ்ப்பாணத்தில் அழகை வடிவு என்கிறோமே, "நல்ல வடிவாய் இருக்கு" என்று, அந்த வடிவும் இந்த வடியோடு சேர்ந்ததுதான். வடித்தால் வருவது வடிவு.

ஆகவே என் விடை: உடல் வடிப்பு. செய்விப்பவரின் விருப்பமும் செய்பவரின் கைத்திறனும் இரண்டுமே அதில் இருக்கின்றன. பியர்சிங் என்பதற்குக் குத்துதல் போதும், காது குத்து, மூக்கு குத்து என்று ஏற்கெனவே இருக்கிறது. பதிப்பாளர் என்பதைத் தொடவே வேண்டாம். பதித்தல் என்றால் அழுத்தி இருத்துவது, நகையில் கல் பதிக்கிறோம், தாளில் எழுத்துப் பதிக்கிறோம். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்த ஆறுமுக நாவலர் செய்ததும் பதிப்பு, தோலில் மையை இருத்துவதும் ஒருவகைப் பதிப்பு. உடல் வடிப்பு இதழின் பதிப்பாளர் என்று தம்பி தாராளமாக எழுதலாம்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தூக்குக்காவடியையும் உடல் வடிப்பு என்று சேர்க்கலாமா என்று கேட்டான், ஏனென்றால் முசாபர் நம் காவடியைப் பார்த்து, கூரிய கம்பிகள் செருகிய சட்டகத்தைத் தானும் உடம்பில் ஏற்றியவர். அப்படிச் செய்பவர்களுக்கு அவர் வைத்த பெயர் 'நவீன ஆதிவாசிகள்' என்று பொருள்படும். அவருடைய ஈடுபாடு உண்மையானது என்றே நினைக்கிறேன், ஆனாலும் அந்தப் பெயர் எனக்கு வலிக்கிறது. இன்றைக்கும் கைபேசியைத் தமையனிடம் கொடுத்துவிட்டுக் காவடி எடுக்கும் பெடியன் எந்த ஆதிகாலத்தவன்?

நம்மிடம் இதற்குச் செடில் என்ற சொல் இருக்கிறது. செடில் என்பது முதுகில் கொக்கி மாட்டி ஆளைத் தூக்கும் மரப்பொறி, பிறகு அந்தக் கொக்கி குத்துவதற்கே பெயராயிற்று; கடலூர், புதுச்சேரிப் பக்கம் மாரியம்மன் கோயில்களில் செடல் உற்சவம் என்பார்கள். அலகு குத்துதலில் வரும் அலகுக்குப் பறவையின் மூக்கு என்றும் ஆயுதத்தின் கூர் என்றும் பொருள். இவை எவையும் உடம்பை வடிப்பதற்காகச் செய்பவை இல்லை. அம்மாவுக்குச் சுகம் வரவேண்டும், தம்பி வெளிநாட்டிலிருந்து பத்திரமாக வரவேண்டும் என்று வைத்த நேர்த்தி அது. கொக்கியைக் கழற்றித் திருநீறு பூசினால் கடன் தீர்ந்தது, காயம் ஆறிவிடும், யாரும் தழும்பைக் காட்டிக்கொண்டு திரிவதில்லை.

தம்பி கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தன் முதுகில் இருப்பது 2009இல் இல்லாமற்போன பெரியம்மாவின் பெயர் என்று சொன்னான். அது பூ வேலைப்பாடு என்றுதான் நான் நினைத்திருந்தேன்.